அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்றுவது எப்படி? ரெகெக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்புகளை நீக்க ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழி) \(.*\) என்று தேடி, வெற்றிடத்தால் மாற்றினேன். பாதி வரியே காணாமல் போய்விட்டது. ஏன்?

பதில்: ‘மதுரை (வைகைக் கரை), திருச்சி (காவிரிக் கரை)’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். \( என்றால் அடைப்புக்குறியே. புள்ளி எந்த எழுத்தையும், * எத்தனை முறை வேண்டுமானாலும் என்பதையும் குறிக்கும். அதனால் .* கிடைத்த மட்டும் விழுங்கும். முதல் திறப்பைக் கண்டதும் வரிக் கடைசிவரை ஓடி, அங்கிருந்து பின்வாங்கிக் கடைசி மூடலைப் பிடிக்கும். நடுவில் இருந்த திருச்சியும் சேர்ந்து போய்விடும். .*? என்று போட்டால் முதல் மூடலிலேயே நிற்கும். ஆனால் நான் எப்போதும் எழுதுவது \([^)]*\) தான். [^)] என்றால் மூடல் தவிர எதுவும். இடையில் என்ன வரலாம் என்பதைவிட, என்ன வரக் கூடாது என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு. .*? செல்லாத செட் (sed) என்ற உரை திருத்தும் கருவியிலும் இந்த உத்தி பலிக்கும். அங்கே மட்டும் வழக்கமான முறையில் வெறும் ( தான் அடைப்புக்குறி, \( என்றால் குழு, அதாவது பிடித்ததை நினைவில் வைக்கும் பகுதி. அதனால் ([^)]*) என்று எழுதுங்கள்.

கேள்வி: உள்ளே இருப்பது அப்படியே இருக்க வேண்டும். நேர் மேற்கோளை மட்டும் வளைந்த மேற்கோளாக்க முடியுமா?

பதில்: முடியும். தேட "([^"]*)", மாற்ற “$1”. $1 என்பது முதல் குழு பிடித்தது. லிப்ரே ஆஃபிஸ், விஎஸ் கோடு இரண்டிலும் $1. பைத்தான், செட் என்றால் \1. செட்டில் குழுவை மேலே சொன்னபடி \( \) என்று எழுத வேண்டும். மாற்றும் முன் மேற்கோள் குறிகளை எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படையாக வந்தால் எங்கோ ஒன்று விடுபட்டிருக்கிறது. நான் ஒருமுறை எண்ணாமல் மாற்றி, அந்த இடத்துக்குப் பிறகு எல்லா மேற்கோளும் தலைகீழாகிவிட்டன. ஒரு மாலை முழுக்கக் கையால் திருத்தினேன்.

கேள்வி: விக்கிப்பீடியா மூலத்தில் [[சென்னை|தலைநகர்]] என்று இருப்பது ‘தலைநகர்’ என்று மட்டும் ஆக வேண்டும்.

பதில்: தேட \[\[[^|\]]*\|([^\]]*)\]\], மாற்ற $1. நடுவில் | குறி இல்லாத [[சென்னை]] இதில் சிக்காது. அதற்கு அடுத்த சுற்றில் \[\[([^|\]]*)\]\].

கேள்வி: அடைப்புக்குள் அடைப்பு வந்தால்?

பதில்: \([^()]*\) உள்ளடைப்பை மட்டும் பிடிக்கும். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

கேள்வி: '.' என்று தேடினால் 'க' கிடைக்கிறது, 'கி' கிடைக்கவில்லை. தமிழுக்கு ரெகெக்ஸ் ஒத்துவராதா?

பதில்: நன்றாகவே ஒத்துவரும். நம் கண்ணுக்கு ‘கி’ ஓரெழுத்து. யூனிகோடில் அது க, பிறகு இகரக் குறி என இரண்டு. ‘க்’ என்பதும் அப்படித்தான், புள்ளி தனிக் குறி. புள்ளியில் முடியும் சொற்களைப் பல கருவிகள் பாதியில் வெட்டுவதும் இதனால்தான். '[அ-ஹ][ா-்]*' என்று எழுதிப் பாருங்கள், உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் கிடைக்கும். ஆய்தமும் வேண்டுமென்றால் முதல் பகுதியை [ஃஅ-ஹ] என்று மாற்றுங்கள். குறிகளைத் தனியாகத் தட்டும்போது சில செயலிகள் புள்ளிவட்டம் காட்டும், அதைக் கண்டு தயங்க வேண்டாம்.