மொரீசியசில் காவடியையும் கோயில் பூசையையும் படமெடுக்க, குறைந்த செலவில் எந்த டிஎஸ்எல்ஆர் கேமராவும் லென்சும் வாங்கலாம்?

ரோஸ் ஹில்லில் வசிப்பதாகவும், கையில் 25,000 ரூபாய் இருப்பதாகவும், தைப்பூசக் காவடியையும் கோயிலுக்குள் நடக்கும் பூசையையும் படமெடுக்க விரும்புவதாகவும் சொல்லி, கேனன் வாங்கலாமா நிக்கான் வாங்கலாமா, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். காத்ர் போர்ன் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக்களைப் படமெடுத்து வருகிறவன் என்ற முறையில், இதை வேறு முனையிலிருந்து யோசிக்கத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் படமெடுக்கப் போகும் இடங்களில் வெளிச்சம் மிகக் குறைந்த இடம் எது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அந்த இடத்துக்கு ஏற்ற லென்சைத் தேர்ந்தெடுங்கள். அந்த லென்ஸ் எந்த கேமராவில் முழுமையாக இயங்குமோ அந்த கேமராவை அதற்குப் பிறகு தேடுங்கள். மெகாபிக்சலைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம்; 18 மெகாபிக்சல் இருந்தாலே ஏ3 அளவில் தெளிவாக அச்சிடலாம், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் அதற்குக் குறைவில்லை.

உங்களுக்கு வெளிச்சம் மிகக் குறைந்த இடம் கோயில் மண்டபம்தான். கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 மில்லிமீட்டர் கிட் லென்சை 55 வரை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும்). எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு லென்ஸ் ஏறத்தாழ அதைப்போல் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். தீபாராதனையின்போது கிட் லென்சில் ஷட்டர் வேகம் நொடியில் இருபதில் ஒரு பங்காக இருந்தால், அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) மற்றதில் இருநூறில் ஒரு பங்கு கிடைக்கும். முதல் வேகத்தில் குருக்களின் கையும் தீபச் சுடரும் இழுபட்டுத் தெரியும். இரண்டாவதில் விரல்கள்கூடத் தெளிவாக இருக்கும். கிட் லென்சிலேயே அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. ஃபிளாஷ் போடலாம் என்ற யோசனையை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். சன்னிதிக்கு முன் கண்மூடி நிற்பவர்களின் முகத்தில் அது பளிச்சிடுவது முறையன்று, விளக்கொளியின் பொன்னிறத்தையும் அழித்துவிடும். கருவறையைப் படமெடுப்பதற்கு முன் குருக்களிடம் கேட்டுக்கொள்வது எப்போதும் நல்லது.

எஃப் 1.8 என்றதும் பெரும்பாலோர் 50 மில்லிமீட்டர் லென்சைப் பரிந்துரைப்பார்கள். கேனனின் 2015 ஆம் ஆண்டு எஸ்டிஎம் பதிப்பு விலை குறைந்தது, எடையும் 160 கிராம்தான், முகங்களை எடுக்க மிக அருமையானது. ஆனால் நம் விலைக்குள் வரும் கேமராக்களில் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால், கேனனில் அந்த 50 மில்லிமீட்டர் ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் போலக் குறுகிய கோணத்தைக் காட்டும். கூட்டம் நெருக்கும் மண்டபத்தில் பின்னால் நகர இடமிருக்காது. முகம் கிடைக்கும், சுற்றியுள்ள பூசை சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதனால்தான் நிக்கானின் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 டிஎக்ஸ் (சிறிய சென்சாருக்கான) லென்சை இந்த வேலைக்கு முதலில் வைக்கிறேன். 2009-இல் வந்த அந்தச் சிறு லென்ஸ் சிறிய சென்சாரில் 52 மில்லிமீட்டருக்கு ஈடான இயல்பான கோணத்தைத் தரும், பயன்படுத்தியதாக எளிதில் கிடைக்கும். கேனனில் விலையில் இதற்கு நெருங்கி வருவது 24 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸ். அது நல்ல லென்ஸ்தான். ஆனால் அதே 24 மில்லிமீட்டரில் கிட் லென்சே ஏறத்தாழ எஃப் 4 வரை திறக்கும் என்பதால், நீங்கள் பெறும் ஒளி இரு மடங்குதான்.

நிக்கானை எடுத்தால் ஒரு விவரத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; லென்சுக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால் மோட்டார் உண்டு. வெறும் ஏஎஃப் என்றும் இறுதியில் டி என்றும் இருக்கும் பழைய லென்சுகளை உடலுக்குள் மோட்டார் உள்ள டி7000 போன்ற வரிசைகளில்தான் முழுமையாகப் பயன்படுத்தலாம். ஏஎஃப்-பி லென்சுகளோ டி3200, டி5100 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸே ஆகா. டி3300, டி5300 இரண்டிலும் கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தால் இயங்கும். கேனனில் இந்தத் தலைவலி இல்லை. 1987 முதல் இஎஃப் வரிசையின் தானியங்கி லென்சுகள் தமக்குள்ளேயே மோட்டாரைக் கொண்டவை. நாளைக்கு உறவினர் ஒருவரின் கேனன் லென்சுகள் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் அதுவே கேனனைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

வெளியே காவடி எடுப்பது வேறு வகையான சோதனை. தைப்பூசம் நமக்குக் கோடையின் நடுவில் வருவதால் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. காவடி வளைவின் நிழல் முகத்தை மூடும், பால் செம்பு கண்ணைப் பறிக்கும். விலையுயர்ந்த லென்சும் இந்த இடைவெளியைச் சரிசெய்யாது. காலையில் ஊர்வலம் புறப்படும்போதே தொடங்கிவிடுங்கள், சென்சாரின் பதிவை மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பாகப் பதிவு செய்யுங்கள், ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைத்து நிழலைப் பிறகு கணினியில் மீட்டுக்கொள்ளுங்கள். நம் பக்தர்கள் உடுத்தும் கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு ஆடை சென்சாரின் சிவப்புப் பதிவை மற்ற நிறங்களுக்கு முன்பே நிரப்பிவிடும். துணியின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியே பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். கோர் தெ கார்த் மலைக்கோயிலின் படிகளில் ஏறும் காவடிகளுக்குக் கிட் லென்சே போதும். அலகு குத்தியவர்களை நெருங்கித் தொந்தரவு செய்யாமல் எடுப்பதற்கும் தீமிதிக்கும் 55-200 அல்லது 55-250 மில்லிமீட்டர் லென்ஸ் உதவும். அதிர்வுத் தடுப்பு இல்லாத மலிவான 75-300 வகையைத் தொடவே வேண்டாம். நீட்டிய நிலையில் அதன் படங்கள் தெளிவாக வருவதில்லை.

பழைய கேமராவை வாங்குவதில் தயக்கம் தேவையில்லை. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடாமல் கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராக்களுக்கு மாறிவிட்டதால், நல்ல நிலையில் உள்ள உடல்கள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. ஆனால் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கைபேசி விளக்கை லென்சின் பின்புறமிருந்து அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஓரிரு தூசித் துகள்களைப் பொருட்படுத்த வேண்டாம். லென்சின் பின்பக்கக் கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெளிர் வானத்தை எடுத்தால் சென்சாரின் அழுக்கு புள்ளிகளாகத் தெரியும். நிக்கான் படக் கோப்பிலேயே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண் பதிவாகியிருக்கும். டி3300, டி5300 இரண்டும் 100,000 முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டவை, ஆகவே 30,000 காட்டும் உடலை நம்பி வாங்கலாம். மெமரி கார்டு சரியாக நுழைந்து படம் பதிவாகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு நம் தீவில் பெரிய எதிரி ஈரம். கடலோரத்தில் உப்புக் காற்று, க்யூர்பீப் பக்கம் ஓயாத தூறல். தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கும் லென்சில் பூஞ்சை நிச்சயம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும்.

உங்கள் தொகையைக் கொண்டு நான் வாங்குவதாக இருந்தால், 18-55 லென்சுடன் வரும் பழைய டி5300 அல்லது டி3300, அதனுடன் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8, மாற்று பேட்டரி ஒன்று, சேமிப்புப் பெட்டி என்று நிறுத்திக்கொள்வேன். உடலுக்குத் தொகையில் பாதிக்கு மேல் போக விடமாட்டேன். பிற்காலத்தில் நிக்கானின் கண்ணாடியில்லாக் கேமராவுக்கு மாறினாலும் அந்த 35 மில்லிமீட்டர் லென்ஸ் இணைப்பு வளையத்தின் வழியே தானியங்கி ஃபோகசுடன் வேலை செய்யும். பணம் போதவில்லை என்றால் 55-200 போன்ற தூரத்து லென்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள், உடலிலும் ஒரு படி கீழே இறங்குங்கள். 35 மில்லிமீட்டர் லென்சை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.