மலையேறி உழைப்பவருக்கும் பிரஷர் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மஸ்கெலியாப் பக்கம் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். பெரியம்மாவுக்குப் பாரிசவாதம். நாட்டில் பத்தில் எட்டுச் சாவு இப்படியான தொற்றாநோய்களால்தான் என்கிறார்களே, உண்மையா? நாள் முழுக்க மலையேறும் எங்களுக்குமா?

பதில்: உண்மைதான் சகோதரி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணக்கில், இலங்கையில் 100 மரணங்களில் 83 தொற்றாநோய்களால் (மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், சீனி வியாதி போன்றவை) வந்தவை. இருதய, இரத்தக்குழாய் நோய்கள் மட்டும் 34. மலேரியா ஒழிந்தது, பிரசவ மரணம் குறைந்தது, ஆயுள் கூடியது. இந்தப் பங்கு ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். 85 வயதில் இருதயம் நின்றால் அதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். 52 வயதில் உங்கள் அப்பா போனதுதான் மனதை அறுக்கிறது. 70க்கு முன் வரும் இத்தகைய சாவுகளில் பெரும்பகுதி தடுக்கக்கூடியவை.

மலையேறுவது நல்லதுதான். ஆனால் உப்பையும் புகையிலையையும் அது ஈடுசெய்யாது. ஒரு நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பே அதிகம். காலை ரொட்டி மாவில் போட்டது, சம்பலில் இடித்தது, பகலில் கருவாடு என்று கூட்டிப் பாருங்கள், மத்தியானத்துக்குள் அந்த அளவு தாண்டிவிடும். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதை அடியோடு விடுங்கள். இந்நாட்டு ஆண்களை அதிகம் பிடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பெண்களையும் அது விடுவதில்லை.

மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிவிடும் பிரஷர் என்றால் தலைசுற்றும் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. கிளினிக் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடுமே என்று ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுப்பவர்கள் ஏராளம். அவர்களை ஏசுவதில் நியாயமில்லை. கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டாமல் விடத் தோட்ட நிர்வாகங்கள்தான் முன்வர வேண்டும்.

அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததால் உங்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இலவசப் பரிசோதனை உண்டு. இந்த மாதமே பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள்.

பெரியம்மா வீட்டிலும் சொல்லி வையுங்கள்: வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். லயம்வரை வாகனம் ஏறாது என்றால் ஆளை ரோட்டுக்கு இறக்கும் ஏற்பாட்டையும் அந்த நிமிடமே தொடங்குங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தேத்தண்ணியோ மாத்திரையோ வாயில் கொடுக்க வேண்டாம்.