பம்ப்பைக் கழற்றும் முன்: பழைய மாஸி 1035-க்கு எந்தக் கையேடு, லிஃப்ட் ஏன் தலையாட்டுகிறது?

கேள்வி: ஐயா, அப்பா 1980களில் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் பல வருடம் கொட்டகையில் கிடந்தது. இப்போது எடுத்து ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டினால் லிஃப்ட் தூக்குகிறது. ஆனால் தூக்கிய இடத்தில் நிற்காமல் மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்தால் ஐந்து நிமிடத்தில் தரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மெக்கானிக் ‘பம்ப் போச்சு’ என்கிறார். இணையத்தில் ‘எம்.எஃப். 35’ என்று ஓர் ஆங்கிலக் கையேடு கிடைத்தது. சில படங்கள் எங்கள் வண்டியோடு ஒத்துப்போகின்றன, சில போகவில்லை. எந்தக் கையேட்டை வாங்குவது? ஆயில் அழுத்தத்தால் தூக்கும் இந்த ஹைட்ராலிக்கை எப்படிப் புரிந்துகொள்வது? (மன்னார்குடி வாசகர்)

பதில்: முதலில் மெக்கானிக்கிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். ஒன்பது கொழுவை வழக்கமான வேகத்தில் மேலே கொண்டுபோகிற பம்ப்பை அவ்வளவு சீக்கிரம் ‘போச்சு’ என்று சொல்லிவிட முடியாது. தூக்குவது பம்ப்பின் வேலை. தூக்கியதைப் பிடித்து நிறுத்துவதில் வேறு பலருக்கும் பங்கு உண்டு. உங்கள் வண்டியில் அந்தப் பலரில் ஒருவர்தான் கைவிட்டிருக்கிறார்.

கையேட்டு விஷயத்தை முடித்துவிட்டு லிஃப்டுக்கு வருகிறேன். உங்கள் 1035, இங்கிலாந்தின் கவன்ட்ரியில் 1956 முதல் உருவான ஃபெர்குசன் 35-ன் வழியில் வந்தது. அந்த 35 முதலில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு வந்தது; 1959-ல் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டருக்கு மாறியது. அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் செய்த 35-ல் கான்டினென்டல் பெட்ரோல் எஞ்சின். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி, மாஸி ஃபெர்குசன் ஒத்துழைப்போடு இங்கே செய்த வண்டிகளுக்கு சிம்ப்சன் எஞ்சினைப் பொருத்தியது. இத்தனை பேரும் ‘35’ குடும்பம்தான். நீங்கள் இறக்கிய கையேட்டில் பாதிப் படம் பொருந்தி, பாதி பொருந்தாமல் போனதற்குக் காரணம் இதுவே. எஞ்சின் அத்தியாயத்தில் நான்கு சிலிண்டர் தெரிந்தால் அது உங்கள் எஞ்சின் அல்ல; அந்த அத்தியாயத்தை அப்படியே மூடி வையுங்கள். ஹைட்ராலிக் அத்தியாயத்தை மட்டும், எது எதோடு சேருகிறது என்று புரிந்துகொள்ளப் படிக்கலாம். அதிலுள்ள அளவுகளை, குறிப்பாக அழுத்தத்தையும் போல்ட் இறுக்கத்தையும், உங்கள் வண்டியில் எடுத்து வைக்காதீர்கள்.

கையேடு என்று பொதுவாகச் சொல்கிறோம். அவை மூன்று தனித்தனிப் புத்தகங்கள். ஓட்டுநர் கையேடு, ஒர்க்‌ஷாப் கையேடு, உதிரிபாகப் புத்தகம். பலரும் ஒர்க்‌ஷாப் கையேட்டுக்குத்தான் அலைவார்கள். நான் முதலில் வாங்கச் சொல்வது உதிரிபாகப் புத்தகத்தை. அதில் ஒவ்வொரு பாகமும் பிரித்துப் பரப்பிய படமாக இருக்கும்: எந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எந்தக் குழாயின் எந்த முனையில், எத்தனை, எந்த வரிசையில் என்று. கூடவே ‘இந்த வரிசை எண் வரை இது, அதற்கு மேல் இது’ என்ற குறிப்பும் வரும். கடைக்காரர் தவறான பாகத்தைக் கொடுப்பதில் பெரும்பகுதி இந்தக் குறிப்பைப் பார்க்காததால்தான். ஆகவே வண்டியின் தகட்டில் உள்ள எண்ணையும், ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களையும் ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம்.

ஓட்டுநர் கையேட்டைச் சின்னப் புத்தகம் என்று ஒதுக்க வேண்டாம். லிவர்களை எப்போது எங்கே வைக்க வேண்டும் என்பது அதில்தான் தெளிவாக இருக்கும். ஒர்க்‌ஷாப் கையேட்டை நகலாக வாங்கினால், பணம் கொடுக்கும் முன் ஹைட்ராலிக் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மடித்து வைத்த பெரிய படங்களை ஸ்கேன் செய்யும்போது பாதியில் வெட்டிவிடுவார்கள். வெட்டுப்படுவது எப்போதும் நமக்கு வேண்டிய பாதியாகவே இருக்கும்.

இன்னொன்று. ‘டிராக்டர் ஹைட்ராலிக்’ என்று பொதுவாக எழுதிய புத்தகத்தையோ, வேறு கம்பெனி வண்டியின் கையேட்டையோ வைத்து இந்த வண்டியைப் புரிந்துகொள்ளப் போகாதீர்கள். ஃபெர்குசன் வழி வண்டியின் அமைப்பே வேறு. டெல்டாக்காரரான உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பல டிராக்டர்களில் பம்ப் எப்போதும் ஆயிலை இறைத்துக்கொண்டே இருக்கும். வால்வு என்பது வயல் மடை மாதிரி: வேண்டும்போது வயலுக்குத் திருப்பும், வேண்டாதபோது வடிகாலுக்கு விடும். ஃபெர்குசன் அமைப்பில் வால்வு இருப்பது வாய்க்காலின் தலைமதகில். பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. லிவரைத் தூக்க வைத்தால் வாய் திறக்கும், ஆயில் போகும். தூக்கி முடிந்ததும் வாய் மூடிக்கொள்ளும். பம்ப் சுற்றும், ஆனால் இறைக்க ஒன்றும் கிடைக்காது. இறக்க வைத்தால் அதே வால்வு வேறொரு வழியைத் திறந்துவிடும், கலப்பையின் கனமே ஆயிலைத் திருப்பி அனுப்பும். இந்த லிஃப்ட் கலப்பையைக் கீழே அழுத்தாது. ‘மண்ணுக்குள் இறங்க மாட்டேங்குது, ஹைட்ராலிக் வீக்’ என்று யாராவது சொன்னால், கொழுவின் முனையையும், கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் கம்பியின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்ப் வண்டியின் பின்பக்க உறைக்குள் கியர் ஆயிலில் மூழ்கி இருக்கிறது. அதற்கு நான்கு பிஸ்டன். கிளட்ச் வழியாக வரும் பி.டி.ஓ. தண்டு (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) அதைச் சுழற்றும். அதனால்தான் ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தால் லிஃப்டும் நின்றுவிடும். இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால் லிஃப்டும் நிற்கும். பம்ப்பிலிருந்து ஆயில் ஒரு குத்துக் குழாய் வழியே மேலே ஏறி, சீட்டுக்குக் கீழேயுள்ள லிஃப்ட் மூடியின் அடியில் பொருத்திய சிலிண்டருக்குப் போகிறது. அதன் பிஸ்டன் குறுக்குத் தண்டைத் திருப்ப, இரு லிஃப்ட் கைகளும் எழும்.

உயரத்தைப் பிடித்து வைப்பது பொசிஷன் கன்ட்ரோல். குறுக்குத் தண்டு கேட்ட உயரத்துக்கு வந்ததும், அதோடு திரும்பும் கேம் என்ற மேடு வால்வை மூடிவிடும். எங்கோ ஆயில் கசிந்து லிஃப்ட் கை ஓர் அங்குலம் இறங்கினால், அதே கேம் வால்வைத் திறக்கும், பம்ப் தூக்கும், மறுபடி மூடும், மறுபடி கசியும். நீங்கள் பார்க்கிற தலையாட்டல் இதுதான். பம்ப் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் கலப்பை இறங்குவதும் அதே கசிவுதான். தூக்கிக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவே.

கசிவு எங்கே இருக்கலாம்? டிப்பர் டிரெய்லருக்கு ஹோஸ் எடுத்த இடமும் அதன் குழாயும், குத்துக் குழாயின் இரு முனை ஓ-ரிங்குகள், சிலிண்டர் பிஸ்டனின் ரிங், சிலிண்டரும் மூடியும் சேரும் கேஸ்கெட், சேஃப்டி வால்வு, கடைசியாக, பம்ப்பிலுள்ள வெளியேற்று வால்வுகளும் கன்ட்ரோல் வால்வின் சீல்களும். பம்ப் முழுக்க நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. வரிசையில் அது கடைசி. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த வண்டியில் ரப்பர் ஓ-ரிங் காய்ந்து தட்டையாகிவிடும். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி தலையாட்டிய ஒரு வண்டிக்கு, நடவு நெருக்கடியில் இரண்டு நாள் எடுத்து பம்ப்பை மாற்றினேன். கலப்பையை மாட்டித் தூக்கினோம்; முன்பு ஆடியபடியே ஆடியது. குத்துக் குழாயின் கீழ் ஓ-ரிங் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வண்டிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பட்டத்துக்கு வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆயிலைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் கியர் லிவரின் ரப்பர் உறை வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், சுமார் 30 லிட்டர் பிடிக்கும். முழுக்க வடித்து, உறிஞ்சு வலையைச் சுத்தம் செய்து, ஓட்டுநர் கையேடு சொல்லும் வகையை ஊற்றுங்கள். கையில் கிடைத்த கனமான கியர் ஆயிலை ஊற்ற வேண்டாம்; குளிரில் பம்ப்பால் உறிஞ்ச முடியாது. அடுத்தவர் டிப்பரை இரவல் வாங்கி மாட்டுகிறவராக இருந்தால், அவருடைய அழுக்கு ஆயிலும் உங்கள் கியர் பாக்ஸுக்குள் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு கலப்பையைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, எவ்வளவு நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒரு முறை குளிர்ந்த ஆயிலிலும் ஒரு முறை இரண்டு மணி நேரம் உழுத பிறகும் குறித்து வையுங்கள். சூட்டில் இன்னும் வேகமாக இறங்கினால் சீல் கசிவு என்ற சந்தேகம் வலுக்கும். தூக்கிய கலப்பைக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. கட்டை கொடுத்தாலும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஹோஸின் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஊசி மாதிரி பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

லிவரையும் கவனியுங்கள். பொசிஷன் லிவர் ‘டிரான்ஸ்போர்ட்’ தடையைத் தாண்டி ‘கான்ஸ்டன்ட் பம்பிங்’ பக்கம் போனால், வால்வு மூடவே மூடாது. அது டிப்பருக்கான இடம். கலப்பையோடு அங்கே வைத்தால் லிஃப்ட் கை உச்சிக்குப் போய் சேஃப்டி வால்வு கீச்சிடும், ஆயில் கொதிக்கும். இப்படி ஓட்டியே பம்ப்பைக் கெடுத்தவர்கள் உண்டு.

டாப் லிங்க் மாட்டும் இடத்திலுள்ள பெரிய ஸ்பிரிங்கையும் ஒரு தரம் பிடித்து ஆட்டுங்கள். மண் இறுகினால் டாப் லிங்க் அந்த ஸ்பிரிங்கை முன்னே தள்ளும். தள்ளியதை வால்வு உணர்ந்து கலப்பையைச் சற்றே தூக்கும். இந்த அமைப்பை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின் மூளை இருக்கும் இடம் அதுதான். ஸ்பிரிங் முன்னும் பின்னும் லொடலொடவென்று ஆடினால், ஆழம் சீராக வராது. உங்கள் தலையாட்டலுக்கு இது காரணமல்ல. ஆனால் கை வைத்த கையோடு சரிசெய்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் குத்துக் குழாயிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்த பிறகே போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். இந்த அமைப்பில் பெரும்பாலும் லிஃப்ட் மூடியை முழுக்கத் தூக்காமலே, மேலே உள்ள சிறு தட்டைக் கழற்றிக் குழாயை உருவிவிடலாம். உதிரிபாகப் புத்தகத்துப் படத்தில் அந்தத் தட்டை அடையாளம் கண்டுகொண்டு செய்யுங்கள். ஓ-ரிங்கை மாற்றியும் கலப்பை இறங்கினால் அடுத்தது மூடியைத் தூக்கி சிலிண்டர் ரிங். அதற்குச் செயின் பிளாக்கும் இரண்டு ஆளும் வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், குளிரிலும் சூட்டிலும் எடுத்த இரண்டு அளவுகளோடும் தகட்டு எண்ணோடும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பம்ப்பைப் பற்றி அப்போது பேசலாம்.