அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அரசியல் பாடத்தோடு நடப்புத் தேர்தலையும் வழக்குகளையும் எப்படி இணைப்பது?

அந்த வாரப் பாடக்கருத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருந்தும் ஒரே ஒரு வழக்கைத் தேடுங்கள். பரபரப்பான செய்தியை எடுத்துவைத்துப் பாடத்தைத் தேடினால் வகுப்பு அரட்டையாகிவிடும்.

பேச்சுரிமைக்கு 1969ஆம் ஆண்டின் டிங்கர் வழக்குதான் அடித்தளம்: வியட்நாம் போர் தொடர்பாகக் கறுப்புக் கைப்பட்டை அணிந்த மாணவர்கள் வென்றார்கள். அதன் பக்கத்தில் 2021இன் மஹனாய் வழக்கை வையுங்கள். அது பள்ளிக்கு வெளியே ஸ்னாப்சாட்டில் போட்ட பதிவைப் பற்றியது. எந்த உண்மை மாறியது, அதனால் விதி மாறியதா என்று கேளுங்கள். நிலுவை வழக்கென்றால், முதலில் சட்டக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நாள்காட்டிதான் தலைவலி. உச்ச நீதிமன்ற அமர்வு அக்டோபர் முதல் திங்களன்று தொடங்கினாலும், பெரிய தீர்ப்புகள் பெரும்பாலும் ஜூனில் வரும். பல பள்ளிகளுக்கு அப்போது விடுமுறை. ஆகவே வாய்மொழி வாதங்களின் ஒலிப்பதிவை வைத்தே நடத்துங்கள்.

மேல்முறையீட்டு மனுவை ஏற்க மறுத்ததைத் தீர்ப்பாக நினைப்பது வழக்கமான பிழை. 9 நீதிபதிகளில் 4 பேர் சம்மதித்தால்தான் விசாரணை. மறுத்தால் கீழ் நீதிமன்ற முடிவு நிற்கும். அது சரியென்று சொன்னதாகாது.

தேர்தலுக்கு உங்கள் கவுண்டியின் (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) மாதிரி வாக்குச்சீட்டு போதும். ஒவ்வொரு பதவியும் ஒன்றிய அரசுக்கா, மாநிலத்துக்கா, உள்ளாட்சிக்கா என்று பிரிக்கச் செய்யுங்கள். அதிபர் தேர்தலில் வெல்ல, மாநிலங்களின் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கும் 538 தேர்வாளர்களில் 270 பேரின் வாக்கு வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா மாநிலங்கள் மட்டும் தங்கள் தேர்வாளர்களை நாடாளுமன்றத் தொகுதிவாரியாகப் பிரிக்கலாம் என்பதையும் சேருங்கள். ஆனால் மாணவர்களிடம் யாருக்கு ஆதரவு என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.