வேலைக்குப் போயிட்டே ஒரே தெருவ மூணு வருஷம் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: வாரக்கடைசில மட்டும்தான் டைம். ஒரே மார்க்கெட் தெருவ மூணு வருஷம் எடுக்கணும்னு ஆரம்பிச்சேன், நாலு மாசத்துலயே சலிச்சுப்போச்சு, எல்லா படமும் ஒரே மாதிரி இருக்கு. தெருவ மாத்தவா, கேமராவ மாத்தவா? நடுநடுவுல இன்ஸ்டால போட்டுட்டு வரலாமா?

பதில்: ரெண்டையும் மாத்தாதீங்க. புது இடத்துக்குப் போனா கண்ணுல உடனே படற படங்கள் இருக்கே, வெயில் விழுந்த சுவரு, நிழல்ல நடக்கற ஆளு, கலர் கலரா அடுக்கி வச்ச சரக்கு, அதெல்லாம் எடுத்து முடிச்சாச்சு, அதான் சலிக்குது. அது எந்தத் தெருவுல போனாலும் கிடைக்கும். உங்க தெருவுல மட்டும் கிடைக்கறது வேற, காலைல யாரு முதல் ஷட்டர தூக்கறாங்க, எந்தக் கடை ரெண்டா பிரிஞ்சுது, அப்பா உக்காந்த கல்லால இப்ப யாரு உக்காந்திருக்காங்க, இதெல்லாம் இனிமேதான் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

வேலை பாக்கறவங்களால முடியுமான்னா, தாராளமா முடியும். மில்டன் ரோகோவின்னு ஒருத்தர், அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல கண் டெஸ்ட் பண்ணி கண்ணாடி எழுதிக் குடுக்கற ஆப்டோமெட்ரிஸ்ட். அந்த ஊரோட லோயர் வெஸ்ட் சைட் பகுதிய 1972ல எடுக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் 80கள்ல, 90கள்ல, 2000த்துக்கு அப்புறமும் அதே ஆளுங்களத் தேடிப் போய் திரும்பத் திரும்ப எடுத்தாரு. ஒரே ஆளோட படங்கள வரிசையா வச்சுப் பாத்தா வருஷங்கள் ஓடினது மூஞ்சிலயே தெரியும். தனித்தனியாப் பாத்தா ரொம்ப சாதாரணமான படங்கதான், ஆள நிக்க வச்சு நேரா எடுத்தது, ட்ரிக் எதுவும் கிடையாது.

அதனால முதல்ல டைம குறைங்க. ஆமா, குறைக்கதான் சொல்றேன். சனி ஞாயிறு முழுக்க அலையறத விட, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், மழையோ வெயிலோ மூடு இருக்கோ இல்லையோ போய்ட்டு வர்றதுதான் மூணு வருஷம் தாங்கும். ஆனா அந்த ரெண்டு மணி நேரத்த மாத்தி மாத்தி வைங்க. நாலு மாசப் படத்தையும் எடுத்த நேரப்படி அடுக்கிப் பாருங்க, அனேகமா எல்லாமே காலைல ஒன்பதுலருந்து பதினொண்ணுக்குள்ளதான் இருக்கும். லோடு இறங்கற விடியக்காலை எங்க, மத்தியானம் சரக்கு மூட்டை மேலயே தூங்கறவங்க எங்க, கடை கட்டினப்புறம் தெருவக் கூட்டறவங்க எங்க? படம் ஒரே மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றதுக்குப் பாதி காரணம் இங்கயே மாட்டிக்கும்.

அடுத்தது ப்ரிண்ட். இத மட்டும் தட்டிக் கழிக்காதீங்க. புரூஸ் டேவிட்சன்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர், 1966லருந்து 68 வரைக்கும் நியூயார்க்ல கிழக்கு ஹார்லெம் பகுதில ஒரே ஒரு தெருத்துண்ட, ட்ரைபாட் ஸ்டாண்ட் வச்சு பெரிய கேமரால எடுத்தவரு, படத்துல இருக்கறவங்களுக்கே ப்ரிண்ட் கொண்டு போய்க் குடுத்தாரு. இதுல மரியாதையும் இருக்கு, வேலையும் இருக்கு. கடைக்காரர் கைல அவரு படத்தக் குடுத்தீங்கன்னா, அவரு தன் மூஞ்சிய ஒரு நொடி பாத்துட்டு உடனே பின்னாடி மங்கலா நிக்கற ஆளக் காட்டி, "இவன் நம்ம மச்சான்தான், விடியக்காலைல லோடு இறக்க வருவான், அப்ப வாங்க"ம்பாரு. எந்த லென்ஸ் வாங்கினாலும் இந்த அழைப்பு வராது. யாராவது எடுக்க வேணாம்னு சொன்னா அதோட விட்ருங்க, நீங்க அடுத்த வாரமும் அங்கதான் நிக்கணும்.

கேப்ஷன் அன்னிக்கு ராத்திரியே எழுதிடணும். "மார்க்கெட், காலை"ன்னு எழுதறது கேப்ஷனே இல்ல. "இடது பக்கம் மூணாவது கடை, பழைய தராசுல நிறுக்கற கடைசி நாள், நாளைலருந்து எலக்ட்ரானிக்"ன்னு தேதியோட எழுதுங்க, ஃபைலுக்குள்ளயே மெட்டாடேட்டால, அதாவது படத்தோடயே சேந்து இருக்கற விவரக் குறிப்புல, ஏத்திடுங்க. பேக்கப் மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற வீட்டுல.

எடுத்தத உக்காந்து பாக்கறதுதான் இதுல பெரும்பாலானவங்க கோட்டை விடற இடம். கேரி வினோகிராண்ட்னு அமெரிக்காவுல தெருப் படங்கள் எடுத்த போட்டோகிராஃபர் 1984ல இறந்தப்ப, அவரு எடுத்த சுமார் 2,500 ஃபிலிம் ரோல் டெவலப்பே ஆகாம கிடந்துது. அவரு பெரிய கலைஞர், அவருக்குத் தாங்கும், நமக்குத் தாங்காது. மூணு மாசத்துக்கு ஒரு தடவ சின்ன சைஸ்ல மலிவா ப்ரிண்ட் போட்டு தரைல பரப்பி வச்சுப் பாருங்க, எது திரும்பத் திரும்ப வருது, எது சுத்தமா இல்லைன்னு அப்பத்தான் புரியும். கழிக்கவும் கூச்சப்படாதீங்க, ராபர்ட் ஃபிராங்க்னு இன்னொரு போட்டோகிராஃபர் 50கள்ல அமெரிக்காவ சுத்தி 27,000 ஃப்ரேமுக்கு மேல எடுத்து, புத்தகத்துல வச்சது 83 தான்.

கேமரா பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. இருக்கறதே போதும், ஒரே லென்ஸோட நில்லுங்க, பல வருஷப் படத்த பக்கத்துல பக்கத்துல வைக்கறப்ப அது கை குடுக்கும்.

இன்ஸ்டா, என்னக் கேட்டா முதல் வருஷம் வேணாம். எதுக்கு லைக் விழுதுன்னு தெரிஞ்சிட்டா கை தானா அதையே எடுக்க ஆரம்பிச்சிடும், கூட்டற ஆளும் தராசும் காணாமப் போயிடும். போட்டே ஆகணும்னு கை அரிச்சா அந்தத் தெரு வியாபாரிங்க வாட்ஸப் குரூப் இருந்தா அதுல போடுங்க, பேர தப்பா எழுதியிருந்தா அஞ்சே நிமிஷத்துல திருத்திடுவாங்க.