கேளுங்கள், சொல்கிறேன்: "என் மகன் டிரில் பாடுகிறான்"

பதில் சொல்பவர்: உறுமி அண்ணன், சுங்கை சிப்புட்

கேள்வி: அண்ணன், என் மகனுக்கு 19 வயது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் வேலை செய்கிறான். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் அதிகம் இருக்கும் மலிவு வீட்டுத் தாமானில்தான் எங்கள் வீடு. கொஞ்ச நாளாக 'டிரில்' என்று ஒரு ராப் பாடுகிறான். முகமூடி போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு, மோட்டார்களை வரிசையாக நிறுத்தி வீடியோ எடுத்துப் போட்டான். இப்போது மீன் வாங்கப் போனால்கூட "உங்க பையனாக்கா?" என்று கேட்கிறார்கள். கோலாலம்பூரில் பாடச் சொல்லி அழைப்பும் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில், "இது கேங் பாட்டு, ஒருநாள் போலீஸ் வரும்" என்கிறார்கள். அவன் அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பாட்டை அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கேட்டேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, வரிகளை ஒரு தாளில் எழுதிவைத்தே கேட்டேன். உங்கள் பையனுக்கு இது வருகிறது. வாய்க்கு வந்ததைக் கத்துகிற பிள்ளை இல்லை. இரண்டாவது சரணத்தில் இப்படிப் பாடுகிறான்:

"பாட்டி வெட்டுன மரம், பத்திரத்துல பேரில்ல
அஞ்சரைப் பெரட்டு மணி, அவ தூக்கத்துல ஓயல"

இந்த இரண்டு வரியில் எங்கள் ஊரின் அறுபது வருஷம் இருக்கிறது. எல்பில், டோவன்பி, ஈவூட், கமுனிங் என்று எந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பமும் இதைக் கேட்டால் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடும். இவனுக்கு, விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களம் எப்படி இருக்கும் என்றே தெரிந்திருக்காது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறான். அவன் அப்பாவிடம் முழுப் பாட்டையும் போட்டுக் காட்டாதீர்கள். இந்தச் சரணத்தை மட்டும் முதலில் கேட்க வையுங்கள். அது அவருடைய அம்மாவின் கதை.

இனி கடினமான பகுதி. மூன்றாவது சரணத்தில், எதிர்த் தாமானில் இறந்துபோன ஒரு பையனை அவனுடைய பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கிறான். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இன்றைக்கே வீடியோவை இறக்கச் சொல்லுங்கள். அந்த வரியை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றட்டும். பார்வை எண்ணிக்கை போய்விடும் என்பான், போகட்டும். அந்தப் பையனைப் பெற்றவரும் நம் ஊர்ச் சந்தையில்தான் காய் வாங்குகிறார். அவருடைய இன்னொரு பிள்ளையோ அவன் கூட்டாளியோ இந்த வரியைத் தனியாக வெட்டியெடுத்து நூறு முறை கேட்டிருப்பான். எதிராளியின் செத்தவனைப் பேர் சொல்லிச் சீண்டுவது டிரில்லோடு சேர்ந்தே வந்த பழக்கம். சிகாகோவிலும் லண்டனிலும் பாட்டில் விழுந்த பேருக்குத் தெருவில் பதில் வந்தது. இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஊரைப் பாடட்டும், பசியைப் பாடட்டும், போலீஸ் ரோட்டில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டதைக்கூடப் பாடட்டும். செத்த பிள்ளையை மட்டும் விட்டுவிடட்டும்.

வீடியோவில் இன்னும் இரண்டு இடம் திருத்த வேண்டும். கூட்டத்தில் கடைசியில் நிற்கிற பையன் விரலால் ஒரு எண்ணைக் காட்டுகிறான். 2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் பல வெறும் எண்ணாலேயே அறியப்பட்டவை. அப்படிப்பட்ட கும்பலில் உறுப்பினராக இருப்பதே 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குற்றம். அந்தப் பையன் விளையாட்டுக்குக் காட்டியிருக்கலாம். பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் வீட்டு வாசல் கேட்டு. வீட்டு எண்ணோடு பளிச்சென்று தெரிகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், கானார்சி என்ற பகுதியில் வளர்ந்த டிரில் பாடகர் பாப் ஸ்மோக். அம்மா ஜமைக்கா, அப்பா பனாமா. இணையத்தில் கண்டெடுத்த ஒரு தாளத்தின் மேல் பாடி, 2019-இல் ஒரே வருஷத்துக்குள் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயரானார். 2020 பிப்ரவரி 19 அன்று லாஸ் ஏஞ்சலிசில் அவர் தங்கியிருந்த வாடகை வீட்டுக்குள் கொள்ளையடிக்க நுழைந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீட்டின் முகவரி, அவர் சமூக ஊடகத்தில் போட்ட ஒரு படத்திலேயே தெரிந்தது. அவருக்கு அப்போது 20 வயது, உங்கள் பையனைவிட ஒரு வயது மூத்தவர். அவருடைய முதல் ஆல்பம் அதே ஆண்டு ஜூலையில் வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பார்க்க அவர் இல்லை. இதைப் பையனிடம் பயமுறுத்துகிற குரலில் சொல்ல வேண்டாம். வீட்டு எண், மோட்டார் நம்பர் பிளேட், வேலை செய்யும் இடத்துச் சீருடை, இந்த மூன்றும் வீடியோவில் வரக்கூடாது என்று வேலை முறையாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வான்.

கோலாலம்பூர் அழைப்புக்குப் போகட்டும். யார் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு வெள்ளி, போக்குவரத்து யாருடையது, பாடி முடித்த பிறகு எங்கே தங்குவது, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடப் போவது நல்லது. அப்பாவே போனால் இன்னும் நல்லது.

இன்னொரு பெயரும் சொல்கிறேன். லண்டன் டாட்டன்ஹாமில் பிராட்வாட்டர் ஃபார்ம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த டிரில் பாடகர் ஹெடி ஒன். சிறைக்குப் போய் வந்தவர்தான். 2020-இல் தன் முதல் ஸ்டூடியோ ஆல்பத்துக்கு 'எட்னா' என்று பெயர் வைத்தார். தனக்கு மூன்று வயதாக இருந்தபோது இறந்துபோன அம்மாவின் பெயர் அது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. முகமூடி போட்ட இந்தப் பிள்ளைகள் யாருக்காகப் பாடுகிறார்கள் என்பதைப் பெற்றவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும் தங்கச்சி.

கேள்வி: டிரில் எங்கே பிறந்தது?
— வாசகர், குளுவாங்

பதில்: சிகாகோவின் தெற்குப் பகுதியில், 2010-ஐ ஒட்டி. 2012-இல் சீஃப் கீஃப் என்ற 16 வயதுப் பையன் வீட்டுக்காவலில் பாட்டி வீட்டில் இருந்தபடியே எடுத்த வீடியோக்கள் அதை உலகுக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து லண்டன் பிரிக்ஸ்டன் போய்த் தாளம் மாறியது. லண்டன் பையன்கள் போட்ட தாளம் மறுபடி நியூயார்க் போனது. பாப் ஸ்மோக்கின் முதல் பெரிய பாட்டுக்குத் தாளம் போட்டவர் கிழக்கு லண்டன்காரர். சிட்னியின் மேற்கே மவுண்ட் டுருவிட்டில் சமோவா குடும்பத்துப் பிள்ளைகள் 'ஒன்ஃபோர்' என்ற குழுவாகப் பாடினார்கள். வேலை குறைந்து, வீடு நெருங்கி, போலீஸ் அடிக்கடி வந்துபோகும் இடங்களிலெல்லாம் இது வேர் பிடித்திருக்கிறது.

கேள்வி: அண்ணே, எனக்கு 17 வயது. டிரில் பீட்டில் தமிழ் வரி எழுதினால் உட்கார மாட்டேங்குது. இங்கிலீஷில் பாடினால் உட்காருது. தமிழுக்கு டிரில் ஒத்து வராதா?
— தம்பி, பெஸ்தாரி ஜெயா

பதில்: நன்றாக ஒத்து வரும் தம்பி. பீட்டைப் போட்டுவிட்டு வரி பாடாமல் வெறும் கையில் தட்டிப் பார். மேலே ஓடுகிற ஹை-ஹாட்டை, அதாவது சின்னத் தாளத்தட்டுச் சத்தத்தை, "தகிட தகிட தக" என்று சொல்லிக்கொண்டே தட்டு. மூன்று, மூன்று, இரண்டு. லண்டன் டிரில்லின் நடை பெரும்பாலும் இதுதான். வேகம் நிமிடத்துக்கு 140 அடி அளவில் இருக்கும். ஸ்நேர், அதாவது பளீரென்று விழும் பறையடி, நீ எதிர்பார்க்கிற இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். உன் வரி உட்காராததற்குக் காரணம், நீ சினிமாப் பாட்டு மாதிரி நாலு நாலாக எண்ணி எழுதுகிறாய். "தகிட தகிட தக"வை வாயில் ஊறவிட்டுப் பிறகு எழுது.

அடுத்து, ஸ்நேர் விழும் இடத்தில் வல்லின இரட்டிப்பை வை. வெட்டு, கொட்டு, முட்டி, பக்கம், பத்திரம், குச்சி என்று நம் மொழியில் அடிக்கிற சொற்கள் குவிந்து கிடக்கின்றன. நெடிலை, பேஸ் என்ற அடி ஒலி இழுக்கும் இடத்தில் விடு. லண்டன் பையன்களின் உச்சரிப்பைத் தமிழில் கொண்டுவராதே, 'ர'வும் 'ட'வும் கொழகொழத்துப் போகும். நீ உன் அம்மாவிடம் சண்டை போடும்போது எப்படிப் பேசுவாயோ அப்படிப் பாடு. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவோடு முழுத் தமிழ் ராப் ஆல்பம் வெளியிட்டபோதும் தமிழில் ராப் நிற்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சென்னை வரைக்கும் போய் நின்றது.

பேஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிரில்லில் அடித்தளம் 808, அதாவது ரோலண்ட் கம்பெனி 1980-இல் கொண்டுவந்த தாள இயந்திரத்தின் பேஸ் ஒலி. டிரில்லில் அது ஒரு சுரத்தில் நிற்காமல் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். வயிற்றுக்குள் ஏதோ நகர்வது போல இருக்கும். அதை முதலில் கேட்டபோது எனக்கு உடனே உறுமிதான் நினைவுக்கு வந்தது. உறுமியில் ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்போம், மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்போம். அழுத்தம் கூடக் கூட ஒலி மேலே ஏறும், தளர்த்தினால் கீழே இறங்கும். அந்த உறுமலுக்குத்தான் திருவிழாவில் சாமி வரும். கணினியில் வழுக்கவிடுகிற அதே வேலையை நம் ஊர்க் கை காலங்காலமாகத் தோலில் செய்துகொண்டிருக்கிறது. உன் ஊரில் உறுமி மேளக்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் போய் உறுமலை மட்டும் தனியாகப் பதிவு செய்து, 808-க்கு அடியில் மெல்லிசாக வைத்துப் பார். அந்த ஒலி வேறு எந்த நாட்டு டிரில்லிலும் இருக்காது.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இந்தப் பாடல்களில் கெட்ட வார்த்தையும் வெட்டுக் குத்தும்தான் இருக்கின்றன. இவற்றைத் தடை செய்ய வேண்டாமா?
— ஆசிரியர், நிபோங் திபால்

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது. கேட்கக் கூசுகிற வரிகள் எனக்கும் தெரியும். தடையால் என்ன நடக்கும் என்பதை மட்டும் லண்டனை வைத்துச் சொல்கிறேன். 2018-இல் போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் யூடியூப் பல டிரில் வீடியோக்களை நீக்கியது. டிகா டி என்ற இளைஞருக்கு நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, பாட்டு ஏற்றினால் 24 மணி நேரத்துக்குள் போலீசிடம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு 2019-இல் ஒரு பாட்டைப் பாடியதற்காகவே ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. இவ்வளவும் நடந்த பிறகு, 2021-இல் ஒரு டிரில் பாட்டு முதன்முறையாகப் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2022-இல் டிகா டியின் ஆல்பமும் முதலிடத்துக்கு வந்தது. கத்திக் குத்தோ, தடையால் நின்றுவிடவில்லை.

நம் ஊரில் கும்பல்கள் டிரில் வருவதற்கு முன்பே இருந்தன ஐயா. 1960-இல் எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்படுகிற தோட்டங்களைத் தொழிலாளியே வாங்கட்டும் என்பது நோக்கம். சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது. மற்றவை கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி, லயத்தில் இருந்த கோயிலும் பந்துத் திடலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையும் போயின. ஜனங்கள் நாலாவது மாடிக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பாடுகிறார்கள். அவர்கள் வாயை அடைத்தால் அந்தக் கதையும் சேர்ந்து அடைபடும்.

உறுமி மேளத்தையும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். "ரவுடிப் பசங்க மேளம்" என்று எங்களைக் கோயில் வாசலோடு நிறுத்திய நிர்வாகங்கள் உண்டு. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு மாலை, உங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேரை உட்கார வைத்து மோனை, எதுகை சொல்லிக் கொடுப்பீர்களா? கெட்ட வார்த்தை பாதிக்குப் பாதி, வேறு சொல் கிடைக்காததால் வருவதுதான். உங்களிடம் சொல் இருக்கிறது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பீட்டில் பாடிய பாட்டு நன்றாக ஓடுகிறது. இப்போது பீட் போட்டவர் காசு கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?
— மூன்று பேர் குழு, சுங்கை பட்டாணி

பதில்: நீங்கள் வாங்கியது 'லீஸ்' ஆக இருந்தால் பெரும்பாலும் கொடுக்க வேண்டியிருக்கும். சில பத்து டாலருக்குக் கிடைப்பது வாடகை உரிமைதான். இத்தனை ஸ்ட்ரீம் வரை என்று அதில் வரம்பு இருக்கும், அதே பீட்டை அவர் இன்னும் பத்துப் பேருக்கும் விற்கலாம். வாங்கியபோது வந்த ஒப்பந்தத்தையும் ரசீதையும் மின்னஞ்சலில் தேடி எடுங்கள். வரம்பு தாண்டியிருந்தால் முழு உரிமைக்கு விலை பேசுங்கள். பாட்டு இன்னும் பெரிதாவதற்கு முன் பேசினால் மலிவாக முடியும். வரி எழுதியவர்கள், பாட்டு எழுதுகிறவர்களின் பதிப்புரிமைப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும்போது எழுதியவருக்குச் சேரவேண்டிய பணம் அந்த வழியாகத்தான் வரும். மூன்று பேர் என்கிறீர்கள், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று அடுத்த பாட்டிலிருந்தாவது ஸ்டூடியோவை விட்டு வெளியே வருமுன் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.