ரஷ்ய நாவலை ஆங்கிலத்தில் படிக்க ஒரு பட்டமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். பல மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிக்கும் ஒப்பிலக்கியம் எடுக்கப்போகிறாளாம், உலக இலக்கியம் எல்லாம் அதில் வருமாம். "மொழிபெயர்ப்பில் கதை படிக்க காலேஜ் எதற்கு, லைப்ரரி போதாதா?" என்று கேட்டுவிட்டேன். வீட்டில் பேச்சே இல்லை. இதில் வேலை கிடைக்குமா? - ஒரு தந்தை, விருதுநகர்

கதை தெரிந்துகொள்ள லைப்ரரி போதும்தான். வகுப்பில் நடப்பது வேறு. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலை 1912-இல் கான்ஸ்டன்ஸ் கார்னெட் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1990-இல் பெவியர், வோலகோன்ஸ்கி தம்பதி அதையே மறுபடி மொழிபெயர்த்தார்கள். கார்னெட்டின் ஆங்கிலம் ஒரே சீராக ஓடும். அவர் தேய்த்து மெருகேற்றிவிட்ட மூலத்தின் கரடுமுரட்டையும் திரும்பத்திரும்பச் சொல்வதையும் தம்பதியர் அப்படியே விட்டுவைத்தார்கள். ஒரே பக்கத்தை இரண்டிலும் படித்து, யார் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், அந்தக் காலத்து வாசகர் எதை எதிர்பார்த்தார் என்று எழுதித் தரவேண்டும். இந்தப் பயிற்சி பதிப்பகம், சப்டைட்டில், செய்தி, சட்டம் என்று பல இடங்களில் கைகொடுக்கும். முதல் வரைவை இப்போது கணினியே போட்டுவிடுகிறது. அது எங்கே சறுக்கியது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

இளங்கலையிலேயே இதைப் படிக்க கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம்தான் முதலில் நினைவுக்கு வரும். கவிஞர் புத்ததேவ போஸ் 1956-இல் அங்கே தொடங்கிய ஒப்பிலக்கியத் துறை இந்தியாவில் முதலாவது. அவரே பிரெஞ்சுக் கவிஞர் போதலேரையும் காளிதாசரையும் வங்க மொழியில் மொழிபெயர்த்தவர். அரசுப் பல்கலை, கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது. தங்குமிடச் செலவைத்தான் கணக்குப் போட வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் இங்கேயே பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, புதுச்சேரிப் பல்கலையில் எம்.ஏ. ஆங்கிலம் மற்றும் ஒப்பிலக்கியம் சேரலாம். விருதுநகர்க்காரருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

அதற்குக் காரணம் பட்டத்தின் பெயர். பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை, பிறகு அலைகிறார்கள். நாளை அவள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதி ஆங்கில ஆசிரியராக நினைத்தால், சான்றிதழில் வேறு பெயர் இருக்கும்போது அது ஆங்கில இலக்கியத்துக்கு இணையானது என்ற அரசாணை எங்கே என்பார்கள். எந்தப் பட்டமானாலும் சேருவதற்கு முன்பே அந்த இணைத்தன்மையை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஒப்பிலக்கியம் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான்.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாவல் மொழிபெயர்த்து மட்டும் குடும்பம் நடத்துவது கஷ்டம். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்குக் கிடைத்தபோது, 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்திக்குப் போனது. சந்தோஷமான செய்தி, ஆனால் அதை வைத்து எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது. மாதச் சம்பளம் வரவேண்டுமானால் கூடவே ஒரு மொழி வேண்டும். சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு கதே நிலையம், கொரிய மொழிக்கு இன்கோ மையம் இருக்கின்றன. ஓரளவு சரளமாகப் பேச, எழுத வரும் பி2 நிலை வரை போகவேண்டும். தொடக்க நிலையான ஏ1 சான்றிதழை ரெஸ்யூமேயில் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மொழியிலேயே முழு ஆர்வம் என்றால் டெல்லி ஜே.என்.யூ.வில் ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளுக்கு பி.ஏ. ஆனர்ஸ் உண்டு, அதற்குப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுதவேண்டும். வணிகவியல் படித்தது அங்கே தடையில்லை.

அப்புறம், தமிழை விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பட்டதாரிகள் ஏராளம். நல்ல தமிழும் ஒரு வெளிநாட்டு மொழியும் சேர்ந்து கைவரப் பெற்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பேச்சை ஆரம்பியுங்கள். ஜாதவ்பூர், புதுச்சேரி இரண்டின் பாடத்திட்டத்தையும் அவளையே பிரின்ட் எடுத்து வரச்சொல்லி, எது ஏன் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். க்யூட் அறிவிப்பு வந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். பொதுத்தேர்வு மும்முரத்தில் விண்ணப்பத் தேதியைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.